விட்டுவிட வேண்டியவற்றின் பட்டியல்

டோக்கியோ ரயில் நிலையத்தில் கெய்யோ லைன் நடைமேடை மற்ற நடைமேடைகளை ஒட்டி இல்லை. நிலத்துக்கடியில் நீண்ட தாழ்வாரங்கள், நகரும் நடைபாதைகள் என்று பத்து நிமிடத்துக்குக் குறையாமல் நடந்தால்தான் அது வரும். ரயில் ஏறிவிட்டால், இறங்க வேண்டிய மைஹாமா நிலையம் சுமார் 15 நிமிடம். ரயிலில் போகிற நேரத்துக்குக் கிட்டத்தட்ட இணையாக நடக்கவும் வேண்டியிருக்கிறது. டோக்கியோ டிஸ்னி ரிசார்ட்டுக்கு முதல் முறை போகும் கணவனும் மனைவியும் போடுகிற கணக்கில் பெரும்பாலும் இந்த நடை இருக்காது. ரயில் நேரம் இருக்கும், டிக்கெட் விலை இருக்கும், ஏற வேண்டிய ரைடுகளின் பெயர்கள் ஒன்றுவிடாமல் இருக்கும். இடையில் உள்ள நடையும் நிற்றலும் இருக்காது. ஆனால், அந்த ஒரு நாளில் மிகப் பெரிய பங்கு நடைக்கும் நிற்றலுக்கும்தான் போகப்போகிறது.

தீம் பார்க் பயணத்துக்கு வழி சொல்கிறவர்கள் எல்லோரும் ‘தவறவிடக் கூடாத பத்து’, ‘கட்டாயம் ஏற வேண்டிய பதினைந்து’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பட்டியலை வாங்கிக்கொண்டு உள்ளே போகிற இருவர், மாலைக்குள் அதில் எத்தனையை அடித்தோம் என்று எண்ணிப் பார்க்கிறவர்களாக மாறிவிடுகிறார்கள். பழக்கமில்லாத இடத்துக்கு இருவர் முதல் முறை போகும்போது, வீட்டிலேயே உட்கார்ந்து எழுத வேண்டியது விட்டுவிட வேண்டியவற்றின் பட்டியல் என்பேன். எதையெல்லாம் பார்க்கப் போவதில்லை என்று இருவரும் மனமொப்பி முடிவெடுத்துவிட்டால், மிச்சமிருப்பது தானாக ஒரு நல்ல நாளாக அமையும். இது ஆசையை அடக்கச் சொல்கிற உபதேசமாகத் தோன்றலாம். அப்படியில்லை, இது முழுக்க முழுக்கக் கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க டோக்கியோ டிஸ்னி ரிசார்ட்டைவிடப் பொருத்தமான இடம் இல்லை. காரணம், அங்கே இரண்டு பூங்காக்கள் அருகருகே இருக்கின்றன. ஆகவே, விட்டுவிடுதல் வாசலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

மைஹாமா அமைந்திருக்கும் உராயாசு, ஒரு காலத்தில் டோக்கியோ விரிகுடாவின் மீனவர் ஊர். அந்தக் கரையோரக் கடலைத் தூர்த்து நிலமாக்கி மேம்படுத்த 1960-ல் ஓரியண்டல் லேண்ட் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. அப்படித் தூர்த்த நிலத்தில் 1983 ஏப்ரல் 15 அன்று டோக்கியோ டிஸ்னிலேண்ட் திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே டிஸ்னியின் முதல் பூங்கா அதுதான். பெயரும் பாத்திரங்களும் டிஸ்னியுடையவை. உடைமையும் நிர்வாகமும் அந்த ஜப்பானிய நிறுவனத்துடையவை. டிஸ்னிக்கு உரிமத்தொகை போகிறது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2001 செப்டம்பர் 4 அன்று, பக்கத்திலேயே டிஸ்னிசீ வந்தது. வழக்கமான ஒருநாள் டிக்கெட் இரண்டில் ஒன்றுக்குள்தான் விடும். இருப்பது ஒரே நாள் என்றால், தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

என் தேர்வு டிஸ்னிசீ. இதற்கு வரும் முதல் மறுப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ‘கோட்டை இருக்கிற பூங்காதானே அசல் டிஸ்னி? அதைப் பார்க்காமல் எப்படித் திரும்புவது?’ கோட்டையும், அதைச் சுற்றி விரியும் அமைப்பும், அங்குள்ள ரைடுகள் பலவும் கலிஃபோர்னியாவில் உண்டு, ஃப்ளோரிடாவில் உண்டு, பாரிஸில் உண்டு. டிஸ்னிசீக்கு உலகில் இரண்டாவது பிரதி கிடையாது. அங்கே நடுநாயகமாக நிற்பது எரிமலை. அதைச் சுற்றிக் கப்பல்துறைகள்: இத்தாலியக் கடற்கரை ஊர்போல ஒன்று, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து நியூயார்க் துறைமுகம்போல ஒன்று, அரபிக் கதைகளின் நகரம்போல ஒன்று. தொடக்கத்தில் ஏழு துறைகள். 2024 ஜூன் 6 அன்று ஃபேன்டஸி ஸ்பிரிங்ஸ் எட்டாவதாகச் சேர்ந்தது. வளர்ந்தவர்களையும் மனத்தில் வைத்துக் கட்டிய பூங்கா என்பதற்கு ஒரு சின்னச் சான்று: திறந்த நாளிலிருந்தே டிஸ்னிசீயில் பீரும் ஒயினும் கிடைத்தன. பக்கத்திலிருக்கும் டிஸ்னிலேண்டிலோ பொதுமக்களுக்கான உணவகங்களில் 2020 வரை மது கிடையாது. குழந்தைகள் இல்லாமல் இருவராகப் போகிறவர்களுக்கு, ஏறுவதைவிட நடப்பதற்கும் நின்று பார்ப்பதற்கும் காரணங்கள் உள்ள பூங்கா டிஸ்னிசீதான். அந்தக் காரணங்கள் ஏன் முக்கியம் என்பதைக் கணக்கு சொல்லும்.

2018 நிதியாண்டில் இரண்டு பூங்காக்களுக்கும் சேர்த்து வந்தவர்கள் சுமார் 3.25 கோடிப் பேர். அது சாதனை. கொரோனாவுக்குப் பிறகு நிறுவனம் ஒரு நாளைக்கு விடும் கூட்டத்தின் உச்சவரம்பைத் தானே குறைத்துக்கொண்டது; 2023 நிதியாண்டில் சுமார் 2.75 கோடிப் பேர். அதன்படி பார்த்தாலும் ஒரு பூங்காவுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 37,000 பேருக்கு மேல். இப்போது ஒரு ரைடு மணிக்கு 1,500 பேரை ஏற்றி இறக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காலை 9 முதல் இரவு 9 வரை ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடினாலும் 18,000 பேர். வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களால் அதில் ஏறவே முடியாது. எந்தத் திட்டத்தாலும் இதை மாற்ற முடியாது. ‘எல்லாவற்றிலும் ஏறிவிட வேண்டும்’ என்று அத்தனை பேரும் கிளம்பினால், அது அத்தனை பேருக்கும் முடியாத காரியம். ஒவ்வொருவரும் எதையோ விட்டுவிட்டுத்தான் வெளியே வருகிறார்கள். அதை நாமே தேர்ந்து விடுகிறோமா, நம்மைக் கேட்காமல் கூட்டம் பறித்துக்கொள்கிறதா என்பதுதான் வித்தியாசம்.

இன்னொரு கணக்கையும் போட வேண்டும். எரிமலைக்குள்ளிருந்து கிளம்பும் ‘ஜர்னி டு த சென்டர் ஆஃப் தி எர்த்’ சுமார் 3 நிமிடம். ‘டவர் ஆஃப் டெரர்’ 2 நிமிடம். ‘சோரிங்’ 5. ‘டாய் ஸ்டோரி மேனியா’ 7. ‘இந்தியானா ஜோன்ஸ்’ 3. பேர்போன இந்த ஐந்தும் சேர்ந்து 20 நிமிடம். கூட்டமான நாளில் இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நிற்பது சர்வசாதாரணம். இரண்டு மணி நேரம் என்ற அறிவிப்பும் புதிதல்ல. ஆக, 20 நிமிட ஓட்டத்துக்கு ஐந்தாறு மணி நேர நிற்றல். இந்த விகிதத்தை அறிந்த பிறகும் ரைடுகளை மட்டும் வைத்து நாளைத் திட்டமிடுவது, கல்யாணத்துக்குப் போகும்போது தாலி கட்டுகிற அந்த ஒரு நிமிடத்தை மட்டும் நினைத்துக்கொண்டு போவது போன்றது. அந்த நாளின் உடம்பு வரிசையில் இருக்கிறது. வரிசையை எப்படிச் சுருக்குவது, சுருங்காத வரிசையில் எப்படி இருப்பது என்பதற்குத்தான் யோசனை தேவை.

சுருக்குவதற்கு மிக எளிய வழி, காலை. அதிகாரபூர்வமாக 9 மணி என்று போட்டிருந்தாலும் பல நாட்களில் வாசலை அதற்கு முன்பே திறந்துவிடுகிறார்கள். டிஸ்னி ஹோட்டல்களில் தங்குகிறவர்களுக்கு அதற்கும் 15 நிமிடம் முன்னால் அனுமதி. திறக்கும் கணத்தில் உள்ளே எல்லா வரிசையும் காலி. அடுத்த இரண்டு மணி நேரத்தில், ரைடுகள் ஏற்றி இறக்கும் வேகத்தைவிட அதிக வேகத்தில் மக்கள் வந்து சேர்கிறார்கள். அந்த மிச்சம் தேங்குகிறது. தேங்கியது, வருகை குறைகிற மாலை வரைக்கும் வடிவதில்லை. மழைக்காலத்தில் சுரங்கப்பாதையில் நிற்கிற தண்ணீர் மாதிரி. முற்பகல் 11 மணிக்கு வருகிறவர், தனக்கு முன்னால் வந்த அத்தனை பேரின் தேக்கத்துக்கும் பின்னால் போய் நிற்கிறார். எனவே முதல் ஒரு மணி நேரம், மத்தியானத்தின் மூன்று மணி நேரத்துக்குச் சமம் என்றால் மிகையில்லை. இருவரும் மிகவும் ஆசைப்படும் ஒரே ஒரு ரைடு எதுவோ அது அந்த நேரத்துக்கு. இரண்டாவது ஆசைக்குப் பூங்காவின் கைப்பேசி ஆப் இருக்கிறது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் முதல் முறை போகிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். 1999-ல் அமெரிக்கப் பூங்காக்களில் டிஸ்னி ‘ஃபாஸ்ட்பாஸ்’ என்ற இலவச முறையைக் கொண்டுவந்தது. சீட்டை எடுத்துக்கொண்டு, குறித்த நேரத்தில் திரும்பி வந்து குறுகிய வரிசையில் நுழையலாம். டோக்கியோவுக்கும் அது வந்தது, 2020-ல் நின்றுபோனது. 2022 மே மாதத்திலிருந்து ‘பிரீமியர் அக்சஸ்’: ஒரு ரைடுக்கு ஓர் ஆளுக்குச் சுமார் 1,500 முதல் 2,500 யென் வரை கட்டி நேரம் வாங்கிக்கொள்வது. 2023 ஜூலையில் சில ரைடுகளுக்கு இலவசமாக ‘பிரியாரிட்டி பாஸ்’ வந்தது. ஃபேன்டஸி ஸ்பிரிங்ஸ் திறந்த புதிதில் அந்தப் பகுதிக்குள் நுழையவே தனி அனுமதி எடுக்க வேண்டியிருந்தது; பிறகு அதை எடுத்துவிட்டார்கள். விதிகள் இப்படி மாறிக்கொண்டே இருப்பதால், போன வருடம் போய்வந்த நண்பர் சொல்வதை நம்பிப் போகக் கூடாது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு அதிகாரபூர்வத் தளத்தில் படித்துவிடுங்கள். பராமரிப்புக்காக மூடியிருக்கும் ரைடுகளின் தேதிகளும் அங்கேயே இருக்கும். நாம் ஆசைப்பட்டது அந்த வாரம் மூடியிருக்கிறது என்று வாசலில் தெரியவருவதைவிட வீட்டில் தெரியவருவது மேல்.

மாறாத ஒன்று, இவை எல்லாமே உள்ளே நுழைந்த பிறகு ஆப்பில் எடுக்க வேண்டியவை என்பது. வாசலில் டிக்கெட்டின் கியூஆர் கோடைக் காட்டி உள்ளே போன மறுநிமிடம், ஓரமாக ஒதுங்கி நின்று, ஆப்பைத் திறக்க வேண்டும். இரண்டு டிக்கெட்டும் ஒரே கைப்பேசியில் ஒரே குழுவாகச் சேர்த்திருந்தால், ஒருவர் எடுக்கும் பாஸ் இருவருக்கும் ஆகும். சேர்த்திருக்காவிட்டால் அங்கே நின்று சேர்க்க வேண்டும்; அதற்குள் கண்ணெதிரில் நேரங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போகும். முற்பகல் 11 என்று காட்டியது மாலை 4 ஆகும். இந்தக் குழுச் சேர்ப்பு, கார்டு விவரம், கடவுச்சொல் எல்லாவற்றையும் ஊரிலேயே முடித்துவிட வேண்டும். வெளிநாட்டு கார்டுகளை ஆப் சில சமயம் ஏற்பதில்லை என்பதால் அதையும் ஊரிலேயே பரீட்சித்துவிடலாம். பவர் பேங்க் ஒன்று அவசியம். பாஸ் எடுத்த பிறகு அந்த ஒரு கைப்பேசி மட்டும் விழித்திருக்கட்டும், மற்றது பைக்குள் போகட்டும்.

‘அவ்வளவு தூரம் யோசிப்பானேன்? காசு கொடுத்தால் வரிசை தீர்ந்தது’ என்பது அடுத்த மறுப்பு. ஒன்றிரண்டுக்குக் கொடுங்கள்; தவறே இல்லை, நல்ல செலவு. ஆனால், ஐந்து ரைடுகளுக்கு 2,000 யென் வீதம் இருவருக்கு வாங்கினால் 20,000 யென். பெரியவர்களுக்கான ஒருநாள் டிக்கெட்டே, 2023 அக்டோபர் முதலான விலைப்படி, தேதியைப் பொறுத்து 7,900 முதல் 10,900 யென்தான். நுழைவுக்குக் கொடுத்த தொகைக்குக் கிட்டத்தட்ட சமமாகவோ கூடுதலாகவோ நேரத்துக்குக் கொடுக்கிறோம். நிறுவனத்தின் வருமானம் எங்கே இருக்கிறது என்பதும் இதிலிருந்து தெரியும்: 2018-ல் ஒரு வருகையாளரிடமிருந்து சராசரி வருவாய் 11,815 யென்; 2023-ல் கூட்டம் குறைந்த பிறகு அது 16,644 யென். பணத்தைக்கூட விடுங்கள். வாங்கிய ஐந்து நேரங்கள் என்பவை பூங்காவின் ஐந்து மூலைகளில் ஐந்து அப்பாயின்ட்மென்ட். ஒன்றிலிருந்து இறங்கியதும் அடுத்ததன் திசையில் நடை. வழியில் படகு ஒன்று புறப்படத் தயாராக நின்றாலும் ஏற முடியாது. வேலை நாளின் அவசரத்திலிருந்து விடுபட வந்தவர்கள், அதே அவசரத்தைக் காசு கொடுத்து வாங்கியதாகிவிடும்.

இதற்கு நேரெதிர்த் திசையிலிருந்தும் ஒரு மறுப்பு வரும், அதில் நியாயம் அதிகம். ‘இருவர் சேர்ந்து போகிற பயணத்தில் திட்டமே எதற்கு? கைகோத்துச் சுற்றுவோம், கண்ணில் பட்டதைப் பார்ப்போம்.’ இந்த மனநிலை எனக்கு மிகவும் பிடித்தது. நாளின் பெரும்பகுதி இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை. சிக்கல் என்னவென்றால், அங்கே திட்டமில்லாத நாள் வெற்றாக இருப்பதில்லை. மற்றவர்களின் திட்டம் வந்து அதை நிரப்பிவிடும். டிக்கெட் தேதி போட்டு விற்கப்படுவது, குறிப்பிட்ட தேதிக்குத் தீர்ந்துபோவது. மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களுக்கு ஒரு மாதம் முன்பே முன்பதிவு திறந்துவிடும். எதையும் முடிவு செய்யாமல் போனவர்கள்தான் உள்ளே நின்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கைப்பேசியைப் பார்த்து ‘இப்போது எதற்குப் போகலாம்’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சுதந்திரமாகச் சுற்ற வேண்டுமென்றால் மூன்று முடிவுகள் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும்: காலையில் எது, எங்கே சாப்பாடு, இரவு எங்கே நிற்பது. நடுவில் உள்ள ஐந்தாறு மணி நேரத்தை யாருக்கும் கொடுக்காமல் காலியாக வைத்திருப்பதுதான் திட்டத்தின் நோக்கம்.

அந்தக் காலி நேரத்தில் என்ன செய்வது என்றால், பட்டியல்காரர்கள் தாண்டிப்போகிற இடங்களுக்குப் போவது. இத்தாலிய ஊர்போன்ற மத்தியத்தரைக்கடல் துறையில், எரிமலையின் அடிவாரத்தில் ஒரு பழங்காலக் கோட்டை இருக்கிறது. ‘ஃபோர்ட்ரஸ் எக்ஸ்ப்ளோரேஷன்ஸ்’ என்று பெயர். அதற்கு வரிசை என்பதே அநேகமாகக் கிடையாது. உள்ளே ஒரு வட்ட அறையில் கோள்களின் மாதிரி இருக்கிறது. கைப்பிடியைச் சுழற்றினால், சுழற்றுகிறவரின் கைவேகத்துக்கு ஏற்ப ஒரு கோள் சூரியனைச் சுற்றி நகரும். இருவர் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்தால் இரண்டு கோள்கள். இன்னோர் அறையில் ஃபூக்கோ ஊசல் பூமியின் சுழற்சியைக் காட்டிக்கொண்டு மெல்ல ஆடுகிறது. கீழே நங்கூரமிட்ட பெரிய பாய்மரக் கப்பலில் ஏறி நின்றால் துறைமுகம் முழுவதும் தெரியும். அங்கிருந்து நடந்தால் அரபிக் கரை. அங்கே சிந்துபாத்தின் கடல் பயணக் கதையைச் சொல்லும் படகு ஓடுகிறது. இசை, ஆலன் மென்கன். சுமார் 10 நிமிடப் பயணம், பெரும்பாலான நாட்களில் காத்திருப்பு மிகக் குறைவு. இரண்டு நிமிட ரைடுக்கு ஒன்றரை மணி நேரம் நிற்பதையும், பத்து நிமிடப் படகுக்கு பத்து நிமிடம் நிற்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சுருங்காத வரிசை என்று ஒன்று இருக்கத்தான் செய்யும். காத்திருத்தலின் மனவியல் பற்றி டேவிட் மைஸ்டர் 1985-ல் எழுதிய கட்டுரை இன்றும் இந்தத் துறையில் அடிப்படையாகக் கருதப்படுகிறது. கை வேலையோடு காத்திருப்பது குறைவாகத் தோன்றும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு நீளமாகத் தோன்றும். தனியாகக் காத்திருப்பது கூட்டாகக் காத்திருப்பதைவிட நீளமாகத் தோன்றும் என்று அவர் வகுத்தார். பூங்காவைக் கட்டியவர்கள் முதல் இரண்டையும் பார்த்துக்கொள்கிறார்கள். டவர் ஆஃப் டெரரின் வரிசை ஒரு பழைய ஹோட்டலின் அறைகளுக்குள் வளைந்து போவதும், வாசலில் நிமிடக் கணக்கு எழுதியிருப்பதும் அதற்காகத்தான். மூன்றாவது நம் பொறுப்பு. இந்தியானா ஜோன்ஸ் போன்ற சில ரைடுகளில் தனிநபர் வரிசை என்று ஒரு குறுக்குவழி இருந்துவந்திருக்கிறது. சீக்கிரம் ஏறிவிடலாம், ஆனால் இருவரும் வேறு வேறு இருக்கையில், சில சமயம் வேறு வேறு வண்டியில். நேரம் மிச்சம் என்று பலரும் பரிந்துரைப்பார்கள். சேர்ந்து இருக்கத்தான் வந்தோம் என்றால் அந்த மிச்சம் எதற்கு?

விட்டுவிடும் பட்டியலை எழுதும் முறை எளிது. இருவரும் தனித்தனித் தாளில், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், மிகவும் ஆசைப்படும் மூன்றையும், ஏறவே விருப்பமில்லாத ஒன்றையும் எழுதுவது. பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இரண்டிலும் இருப்பது காலைக்கு. ஒருவரின் விருப்பமின்மைப் பட்டியலில் இருப்பது, மற்றவரின் ஆசையில் இருந்தாலும், முதல் பயணத்தில் போகட்டும். உயரத்திலிருந்து சட்டென்று விழும் ரைடுக்கு மனமில்லாமல் ‘உங்களுக்காக வருகிறேன்’ என்று ஏறுகிறவர், ஒன்றரை மணி நேர வரிசை முழுவதும் அந்தப் பயத்தோடுதான் நிற்கிறார். இதை அங்கே வரிசையில் வைத்துப் பேசினால் மனத்தாங்கல் ஆகும். வீட்டில் பேசினால் வெறும் தகவல். உடல்நிலையும் இதில் அடக்கம். வேகமும் குலுக்கலும் உள்ள ரைடுகள் பலவற்றில் கர்ப்பிணிகளுக்கு அனுமதி இல்லை. கருத்தரித்திருக்கும் வாய்ப்பு இருந்தால், அந்த ரைடுகளை முழுதாக விட்டுவிட்டு நாளை அமைப்பதே முறை. டிஸ்னிசீ அப்படியும் நாள் கொள்ளும் இடம்தான்.

சாப்பாடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், குறிப்பாகச் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு. ஜப்பானில் மீனையோ மீன்சாறையோ அசைவமாக நினைக்காத சமையல் நிறைய. காய்கறி என்று வருகிற சூப்பின் அடியில் உலர்மீன் சாறு இருக்கலாம். அரபிக் கரையில் உள்ள காஸ்பா உணவகத்தில் நான் ரொட்டியையும் கறியையும் பார்த்ததும் நம்மூர்க் கண்கள் மலரும். ஆனால் அங்கேயும் கறி என்றால் இறைச்சியோ இறாலோதான் முதலில். வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோய் உண்பதற்குப் பொதுவாக அனுமதி இல்லை. ஆகவே சைவர்கள் காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வருவதும், எந்த உணவகத்தில் எது ஒத்துவரும் என்பதைத் தளத்தின் மெனுவில் முன்பே பார்த்துவைப்பதும் நல்லது. பூங்காவிலிருந்து அதிகத் தூரமில்லாத நிஷி-கசாய் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழ்கின்றன. மளிகைக் கடையும் தென்னிந்திய உணவகமும் அங்கே உண்டு. பசியோடு எடுக்கும் முடிவுகள்தான் இருவருக்கிடையே சண்டையாகும் முடிவுகள்.

தேதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் இறுதியிலிருந்து மே முதல் வாரம் வரையிலான கோல்டன் வீக், ஆகஸ்ட் நடுவில் ஒபோன் விடுமுறை, பள்ளி கல்லூரி விடுமுறை விழும் மார்ச், இவற்றைத் தவிருங்கள். ஜூனில் மழை, ஆகஸ்டில் புழுக்கம், குளிர்காலத்தில் விரிகுடாக் காற்று. ஜனவரி நடுப்பகுதியின் ஒரு வாரநாளுக்கு கம்பளிக் கோட்டோடு போவது என் யோசனை. தேதிக்கேற்ற விலை என்பதால், டிக்கெட் விலைப் பட்டியலே கூட்டத்தின் முன்னறிவிப்பும்கூட: விலை குறைந்த நாள், நிறுவனமே கூட்டம் குறையும் என்று எதிர்பார்க்கிற நாள்.

கடைசியாக வருவது, உண்மையில் எல்லோர் மனத்திலும் முதலில் இருக்கும் மறுப்பு. ‘இவ்வளவு பணம் செலவழித்து, விசா எடுத்து, கடல் தாண்டிப் போகிறோம். இனி எப்போது போவோமோ? முடிந்தவரை பார்த்துவிட வேண்டாமா?’ இந்தக் கேள்வியின் பின்னால் பல வருடச் சேமிப்பு இருக்கிறது. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால், திரும்பி வந்த பிறகு நம்மிடம் மிஞ்சுவது நினைவு மட்டும்தான் என்றால், நினைவு எப்படிக் கணக்கு வைக்கிறது என்பதைக் கேட்டாக வேண்டும். உளவியலாளர் டேனியல் கானெமனும் சகாக்களும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 14 டிகிரிக் குளிர்நீரில் ஒரு நிமிடம் கையை வைத்திருக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை, அதே ஒரு நிமிடம், அதோடு கூடுதலாக அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் மட்டும் நீரின் குளிர் மெல்ல ஒரு டிகிரி தணிக்கப்பட்டது. எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமானதைத்தான் தேர்ந்தார்கள். மொத்த வேதனை அதிகம், ஆனால் முடிவு இதமாக இருந்தது. நினைவு, கூட்டிக் கழித்து மொத்தம் பார்ப்பதில்லை. உச்சத்தையும் முடிவையும் எடுத்துக்கொள்கிறது. பதினொரு ரைடு ஏறியவர்களுக்கும் நான்கு ஏறியவர்களுக்கும் நினைவில் தங்கும் உச்சம் ஒன்றோ இரண்டோதான். முடிவோ, பதினொன்று ஏறியவர்களுக்குப் பெரும்பாலும் வீங்கிய காலோடு நிலையப் படிக்கட்டில் நெரிபடும் காட்சியாக இருக்கும்.

ஆகவே முடிவையும் திட்டமிட வேண்டும். இருட்டியதும் மத்தியத்தரைக்கடல் துறையின் நீர்ப்பரப்பில் இரவுக் காட்சி நடக்கும். 2022 நவம்பரிலிருந்து ‘பிலீவ்! சீ ஆஃப் ட்ரீம்ஸ்’. ஜப்பானியர்கள் வெகு நேரம் முன்பே வந்து, மெல்லிய விரிப்பை மடியளவுக்கு மடித்துப் போட்டு, காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களோடு முன்வரிசைக்குப் போட்டி வேண்டாம். துறையைச் சுற்றிப் பல மட்டங்களில் நின்று பார்க்க இடமிருக்கிறது. காட்சி முடிந்த மறுகணம் கூட்டத்தின் பெரும்பகுதி வாசலை நோக்கித் திரும்பும், நிலையத்துக்குப் போகும் மோனோரயிலும் மைஹாமா நடைமேடையும் நிரம்பும். அதே நேரத்தில் உள்ளே வரிசைகள் கரையத் தொடங்கும். மூடும் நேரத்துக்கு முன் வரிசையில் சேர்ந்துவிட்டவர்களை ஏற்றித்தான் அனுப்புவார்கள். வாசலுக்கு முதுகு காட்டி, விளக்கு மங்கிய அரபிக் கரைக்கு நடக்க அதுதான் சமயம். பகலில் ஒரு முறை போன அதே சிந்துபாத் படகுதான், ஆனால் இப்போது முன் இருக்கைகள் பெரும்பாலும் காலியாக இருக்கும்.